மாமாவின் மைனருக்கு மின் ஸ்பீடோமீற்றர்: ஒரு நாட்குறிப்பு

2025 ஜனவரி 19

கியர்பொக்ஸ் ஏறிவிட்டது. மாமாவின் 1959 மொறிஸ் மைனரில் இப்போது இருப்பது பழைய டொயோட்டா டிஎக்ஸ் வேகனின் ஐந்து கியர் பெட்டி. கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கியது. எஞ்சின் அதே 948 சிசிதான். நடுவில் ஒரு தகடு வைத்து இரண்டையும் பொருத்தினோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நான்காம் கியரில் அலறிக்கொண்டே போன வண்டி, இனிச் சற்று நிதானமாகப் போகும்.

மிச்சமிருப்பது ஸ்பீடோமீற்றர். டாஷ்போட் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய ஸ்மித்ஸ் வட்டம் இல்லாமல் மைனர் மைனரே இல்லை. கியர்பொக்ஸின் சுற்றை அதற்குக் கொண்டுபோகும் கேபிள் டொயோட்டா பெட்டியில் பூட்டுப்படவில்லை. பூட்டினாலும் கணக்கு உதைக்கும். மைனரின் மீற்றர் ஒரு மைலுக்கு 1,400 சுற்றுக்கு மேல் எதிர்பார்க்கிறது. ஜப்பானிய வண்டிகளின் கேபிள் ஒரு கிலோமீற்றருக்கு 637 தடவை சுற்றும்படி வகுக்கப்பட்டது. மைலுக்கு ஏறத்தாழ 1,025. அப்படியே இணைத்தால் 40 மைல் வேகத்தில் ஓடும்போது ஊசி 30க்குக் கீழே நிற்கும்.

2025 ஜனவரி 25

எந்த வழி என்று இந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். இடையில் பல்சக்கரப் பெட்டி ஒன்றை வைத்துச் சுற்றை மாற்றலாம். ஆனால் ரயர் அளவு மாறினால் பெட்டியையும் மாற்ற வேண்டும். மீற்றரின் உட்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, எக்ஸ்27 போன்ற, படிப்படியாகத் திரும்பும் சிறிய ஸ்டெப்பர் மோட்டரில் ஊசியைக் குத்தலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஊசி அழகாக ஆடும். ஆனால் ஓடிய மைல்களை எண்ணும் ஓடோமீற்றர் செத்துவிடும்.

அதற்கு நான் உடன்பட மாட்டேன். மாமா ஒவ்வொரு தடவை கிறீஸ் அடித்தபோதும் மைல் எண்ணைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தொண்ணூறுகளின் பக்கங்களிலும் அந்த எண்கள் உண்டு. இது வெறும் பாசக் கதையும் அல்ல. மைனரின் முன்சில்லைத் தாங்கும் ட்ரனியன் மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் போக வேண்டும். தவறினால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்து வண்டி வீதியில் குந்திவிடும். அந்த ஆயிரத்தை நினைவூட்டுவது ஓடோமீற்றர்தான். வேகத்தைக் கண்ணாலும் காதாலும் ஓரளவு ஊகிக்கலாம், தூரத்தை ஊகிக்க முடியாது.

ஆகவே முடிவு: கியர்பொக்ஸில் சென்சர், நடுவே ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை, டாஷ்போட்டுக்குக் கீழே சிறிய மோட்டர். அந்த மோட்டர் பழைய கேபிளின் ஒரு குட்டைத் துண்டைச் சுழற்றும். மீற்றருக்குத் தன்னைச் சுழற்றுவது யார் என்று தெரிய வேண்டியதில்லை. அதில் ஓர் ஆணியைக்கூட வெட்டத் தேவையில்லை.

2025 பெப்ரவரி 2

வாகன இறக்குமதித் தடை நேற்று நீங்கியது. 2020இல் போட்ட தடை. இந்தப் பணத்தைப் புதுக்காருக்குச் சேர்த்து வைக்கலாமே என்று வீட்டில் பேச்சு. கேட்டுக்கொண்டேன்.

இன்றைய வேலை மின்சாரம். மைனர் பொசிட்டிவ் எர்த் வண்டி. பற்றரியின் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். இக்காலச் சென்சரை அதில் வைப்பது வீண் தலையிடி. பற்றரியைத் திருப்பினோம், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினோம். டைனமோவின் சிறிய முனையிலிருந்த வயரைக் கழற்றி, பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு வயரை அந்த முனையில் கணப்பொழுது தொட்டெடுத்தேன். சிறு பொறி பறந்தது. டைனமோவுக்குள் தங்கியிருக்கும் காந்தம் அதோடு திசை மாறிவிடும். எஸ்யூ பெற்றோல் பம்ப் எந்தப் பக்கமானாலும் அடிக்கும். டக் டக் என்று அடித்தது.

2025 பெப்ரவரி 8

கடைசல் பட்டறையில் அரை நாள். கியர்பொக்ஸின் கேபிள் வாயில் பூட்டும் ஒரு பித்தளை மூடியும், அதற்குள் சுழலும் சிறிய அலுமினியத் தட்டும் கடைந்தோம். தட்டின் அச்சு சதுர முனையுள்ளது. பெட்டிக்குள் இருக்கும் சதுரக் குழியில் போய் உட்காரும். தட்டின் விளிம்பில் நான்கு சிறு காந்தங்கள். இரும்பில் செய்தால் காந்தப்புலம் கலைந்துபோகும், அதனால்தான் அலுமினியம். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு மின் துடிப்புத் தரும் ஏ3144 ஹோல் சென்சர் தென்முனையை மட்டுமே உணரும். ஆகையால் நான்கு காந்தங்களின் தென்முனைகளும் வெளியே பார்க்க வேண்டும். ஒன்று திரும்பிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துடிப்பு காணாமற்போகும். பட்டறைக்காரர் ஒவ்வொரு காந்தத்தையும் மை போட்டு அடையாளப்படுத்திய பிறகே பசை தொட்டார். சென்சரின் வெளியீட்டை ஐந்து வோல்ட்டுடன் ஒரு ரெசிஸ்டரால் கட்டினேன். அது இல்லாவிட்டால் துடிப்பு மேலே எழும்பாது.

2025 பெப்ரவரி 15

637 என்ற எண்ணை நம்பி வேலை செய்ய முடியாது. அது டொயோட்டாவின் சொந்தப் பின் அச்சுக்கும் 13 அங்குலச் சில்லுக்கும் பொருந்திய எண். மைனருக்கு 4.55 விகித அச்சு, 14 அங்குலச் சில்லு. ரயரின் சுற்றளவை நாடாவால் அளந்தும் பயனில்லை. வண்டியின் பாரத்தில் ரயர் நசிந்து, உருளும் தூரம் குறைந்துவிடும். வீதியே அளவுகோல்.

காலையில் ஏ9 வீதிக்குப் போனோம். பளையைத் தாண்டி ஆனையிறவு வரை வீதி நேராக ஓடுகிறது. மருமகன் மடிக்கணினியுடன் பக்கத்தில். ஒரு கிலோமீற்றர்க் கல் என் தோளுக்கு நேரே வரும்போது "தொடங்கு" என்றேன், அதற்கடுத்துப் பத்தாவது கல்லில் "நிறுத்து". போகும்போதும் திரும்பும்போதும் எண்ணியதில் பத்து கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 27,500 துடிப்பு. ஜப்பானியக் கணக்குப்படி வர வேண்டியது 25,480. எட்டு வீத வித்தியாசம்! ட்ரனியனுக்கு ஆயிரம் மைல் என்று நினைத்துக்கொண்டு 925 மைலில் கிறீஸ் அடித்தால் கேடில்லை. அதே பிழை மற்றப் பக்கம் விழுந்திருந்தால் கேடு.

ஒரு விநாடியில் எத்தனை துடிப்பு என்று எண்ணும் முறையை விட்டுவிட்டேன். சந்தையடியில் ஊர்ந்து போகும்போது விநாடிக்குப் பத்துப் பதினைந்துதான் வரும். ஊசி படிப்படியாகத் தாவும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தால் மெல்லிய வேகத்திலும் அசைவு சீராகிறது.

2025 பெப்ரவரி 22

மோட்டர் ஒரு பழைய பிரிண்டரிலிருந்து வந்தது. அதன் பின்புறத்தில் கோடு போட்ட தட்டும் ஒளிச் சென்சரும் இருப்பதால், தான் சுற்றுவதைத் தானே எண்ணிச் சொல்லும். கேட்ட வேகமும் கிடைத்த வேகமும் ஒத்துப்போகும்வரை நானோ மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும்.

மேசையில் வைத்து ஓட்டியபோது மீற்றரின் முதுமை தெரிந்தது. ஓடோமீற்றர் அச்சொட்டாக நடக்கிறது. அது பல்சக்கரம், பொய் சொல்லத் தெரியாது. ஊசி மட்டும் 60க்கு 54, 30க்கு 27. உள்ளே ஒரு காந்தம் அலுமினியக் கிண்ணத்துக்கு அருகே சுழன்று அதை இழுக்கிறது, மெல்லிய சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கிறது. இத்தனை ஆண்டுகளில் காந்தம் களைத்துவிட்டது. மோட்டரைப் பதினொரு வீதம் வேகமாகச் சுழற்றினால் ஊசி நேராகும், மைல் கணக்கு கெடும். தூரமே முதலில், ஊசியை அதற்குரிய இடத்தில்தான் திருத்த வேண்டும்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மணிக்கூடு திருத்தும் ஐயாவிடம் போனேன். கண்ணில் வில்லையை இடுக்கியபடி நெடுநேரம் பார்த்தார். "தம்பி, வில்லின் பிடியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நீளம் கொடுத்தால் இளகும், ஊசி ஏறும். உங்கள் மோட்டர் ஒரே வேகத்தில் நிற்குமா? அதைச் சொல்லுங்கள்." நிற்கும் என்றேன். குண்டூசியின் கூரால் வில்லின் நுனியைத் தள்ளினார், மயிரிழை அசைவுதான். ஊசி 54இலிருந்து 57க்கு நகர்ந்தது. இன்னொரு தள்ளலில் 60. பிறகு மோட்டரை நிறுத்தச் சொல்லி, ஊசியைப் பூச்சியத்தில் மீண்டும் குத்தினார். காசு வாங்க மறுத்தார். பலகாரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

2025 மார்ச் 1

வண்டியில் பூட்டியதும் நின்ற இடத்திலேயே ஊசி 20, 35 என்று துள்ளியது. எஞ்சினை நிறுத்தினால் அமைதி. தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பொயின்ற்றும் கொயிலும் எழுப்பும் மின்னிரைச்சலைச் சென்சர் வயர் வாங்குகிறது. கவசமுள்ள வயர் போட்டு, அதன் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, கொயில் பக்கம் போகாமல் சேஸிக்குக் கீழால் இழுத்தோம். நானோவுக்கு வரும் 12 வோல்ட்டில் பியூஸும் மின்தேக்கியும். துள்ளல் நின்றது.

2025 மார்ச் 16

நேற்று கிளிநொச்சி வரை ஓடித் திரும்பினோம். ஓடோமீற்றர் கிலோமீற்றர்க் கற்களோடு ஒத்துப்போகிறது. ஐந்தாம் கியரில் 45 மைல் வேகத்தில் மருமகனுடன் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது.

இன்று வயர் படத்தையும், நானோவுக்குள் இருக்கும் துடிப்பு எண், மோட்டர் சுற்று எண் என்ற இரண்டையும் தாளில் எழுதிக் கொப்பியில் ஒட்டினேன். ரயர் மாற்றுபவர் துடிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் போதும். பழைய நீளக் கேபிளைச் சுருட்டி, பழைய கியர்பொக்ஸோடு கராஜில் வைத்திருக்கிறேன். மைனரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புபவருக்கு எல்லாம் அங்கே இருக்கிறது. ட்ரனியனுக்குக் கிறீஸ் அடித்து, மைல் எண்ணையும் கொப்பியில் எழுதியாயிற்று.