வால்வ் ட்யூபும் தீக்குச்சியும்

லீவு விட்டதுல இருந்து எங்க தெருவுல அம்மாக்கள் கேக்குற ஒரே கேள்வி, புள்ளைங்களுக்கு எந்த ஆப் போட்டுக் குடுக்கலாம்னுதான். என் பையன் மூணாவது, பொண்ணு ஒண்ணாவது. போன வருஷம் ஒரு ஆப்ல ஃப்ரீ ட்ரையல்னு சேர்ந்துட்டு தினமும் போன் மேல போன், இப்ப பணம் கட்டலன்னா புள்ள பின்தங்கிடும்னு பயமுறுத்துனாங்க, நம்பரை ப்ளாக் பண்ணிட்டு நானே தேட ஆரம்பிச்சேன். காசே வாங்காம இவ்வளவு நல்ல விஷயம் இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது.

முதல்ல ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ்ங்கற குழந்தைகள் புத்தகப் பதிப்பகம் 2015ல ஆரம்பிச்ச தளம், தமிழ்லயே படக்கதை நிறைய இருக்கு, நாலு நிலையா பிரிச்சிருக்காங்க. முதல் நிலைல பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரிதான். ஓப்பன் லைசென்ஸ்ங்கறதால டவுன்லோடு பண்ணி தாராளமா பிரிண்ட் போட்டுக்கலாம். நான் ஜெராக்ஸ் கடைல போட்டு நடுவுல நூல் கோத்துக் குடுத்தேன், பொண்ணு அதைத் தலகாணிக்கு அடியில வச்சுட்டுத் தூங்குறா. சில கதைல மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், அதனால நீங்க ஒரு தடவ படிச்சுட்டுக் குடுங்க.

பாடத்துக்குன்னா தமிழ்நாடு பாடப்புத்தகத்துல இருக்குற க்யூஆர் கோடை மத்திய அரசோட தீக்‌ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க. 2019ல வந்த கல்வித் தொலைக்காட்சியோட வீடியோ யூட்யூப்லயும் இருக்கு. பின்னம் புரியலன்னா கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் சிமுலேஷன் இருக்கு, ஸ்கிரீன்லயே செஞ்சு பாக்குற செய்முறை மாதிரி, கைல இழுத்து இழுத்துப் போட்டு அரை, கால் எல்லாம் புள்ளைங்களே புடிச்சுக்குவாங்க.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது அரவிந்த் குப்தாவோட தளம்தான். கான்பூர் ஐஐடில படிச்ச எஞ்சினியர், குப்பைல போற பொருள வச்சு பொம்மை செஞ்சு அறிவியல் சொல்லிக் குடுக்குறவர், 2018ல பத்மஸ்ரீ வாங்குனவர். வீடியோல பேச்சு புரியலன்னாகூட கையப் பாத்தாலே செஞ்சுரலாம்.

அதுல ஒண்ணைப் பாத்துட்டு சைக்கிள் கடைல வால்வ் ட்யூப், அதான் அந்த மெல்லிசு ரப்பர் குழாய், கொஞ்சம் வாங்கி சின்னச் சின்னத் துண்டா வெட்டுனேன், தீக்குச்சில மருந்த நான் சுரண்டி எடுத்துட்டேன், அத மட்டும் புள்ளைங்க கைல விடாதீங்க. ட்யூபோட ரெண்டு பக்கமும் குச்சியச் சொருகுனா ஒரு மூட்டு. மூணு குச்சி மூணு துண்டு முக்கோணம், நாலு நாலு வச்சா சதுரம். பையன் சதுரத்தை லேசா அமுக்குனான், அப்படியே சாஞ்சிருச்சு. முக்கோணத்தை அமுக்குனான், அசையல. திரும்ப அமுக்குனான். "அம்மா இது ஏம்மா மாட்டேங்குது?" நான் பதில் சொல்லல, வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டேன், அது எவ்வளவு கஷ்டம்னு அம்மாக்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சு விளக்கமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சிய உருவிட்டு வந்து சதுரத்துக்குக் குறுக்கா வச்சு நூலால கட்டுனான், நின்னுருச்சு. "உள்ள ரெண்டு முக்கோணம் வந்துருச்சும்மா!"

இவ்வளவுக்கும் போன் ஓடுனது அஞ்சு நிமிஷம்தான். மீதி ரெண்டு மணி நேரம் தரைலதான் உக்காந்திருந்தோம், மூணு பேரும்.

மறுநாள் பஸ்ல போறப்ப கரண்ட் டவரைப் பாத்துட்டு ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டே கத்துறான், "பாப்பா, அங்க பாரு, பூரா முக்கோணம்!"