இணையத்தில் இயற்பியல் படிக்க: அச்சாணியாக ஒரே ஒரு பாடநூல்

குவியத் தூரம் 10 செ.மீ. உள்ள குவிலென்ஸ்; பொருள் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. பிம்பம் 15 செ.மீ.யில் விழ வேண்டும். இணையத்தில் நாலு இடத்தில் மேய்ந்து படிப்பவர்களுக்கு இதே கணக்கில் 7.5 வருவதைப் பலமுறை பார்த்தாயிற்று. காரணம் ஒன்றுதான். சில பாடங்களில் பொருள் தூரத்தை −30 என்று போட்டு, தலைகீழிகளைக் கழிப்பார்கள். வேறு சிலவற்றில் +30 என்று போட்டுக் கூட்டுவார்கள். இரண்டும் சரி. குறியை ஒன்றிலிருந்தும் சூத்திரத்தை மற்றதிலிருந்தும் எடுத்தால்தான் 7.5. வெப்ப இயக்கவியலின் முதல் விதியிலும் இதே சிக்கல் உண்டு: வாயு செய்த வேலையைக் கழிப்பவர்களும், வாயுவின் மீது செய்யப்பட்ட வேலையைக் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் முதலில் ஒரு பாடநூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடியோ எல்லாம் அப்புறம். இலவசமாகக் கிடைப்பதில், இணையத்தில் பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' நல்ல தேர்வு. மூன்று தொகுதிகள். இயக்கவியலும் அலைகளும் முதலாவதில், வெப்பமும் மின்காந்தவியலும் இரண்டாவதில், ஒளியியலும் நவீன இயற்பியலும் மூன்றாவதில். நுண்கணிதம் தெரியாமல் இதைத் திறந்தால் சீக்கிரமே மூடி வைத்துவிடுவீர்கள். அவர்களுடைய 'காலேஜ் பிசிக்ஸ்' நூலுக்கு இயற்கணிதமும் முக்கோணவியலும் போதும். 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' நூலின் கடைசிப் பக்கங்களில் ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு மட்டுமே விடை இருக்கும். தனியாகப் படிப்பவர்கள் அவற்றையே முதலில் போடுவது நல்லது.

போட்டுப் பார்க்கக் கணக்குகள் போதாவிட்டால், எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்துக்குப் போகலாம். அங்கே 8.01 என்றால் இயக்கவியல், 8.02 என்றால் மின்காந்தவியல். ஒரே பாடத்துக்குப் பல ஆண்டுப் பதிப்புகள் கிடக்கும். தீர்வுகளோடு வீட்டுக்கணக்குகள் இருக்கும் பதிப்பா என்று பார்த்தபிறகே தொடங்குங்கள். விரிவுரையை ஓடவிட்டுப் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், தாளை எடுத்தால் கை ஓடாது. விரிவுரையாளர் 'ஆகவே' என்னும் இடத்தில் நிறுத்தி, அடுத்த வரியை நீங்களே எழுதிவிட்டு மேலே போங்கள்.

சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் இருப்பதிலேயே அருமையானவை. ஆனால் பலர் அவற்றைப் பொம்மைபோல் ஆட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். தொடுவதற்கு முன் விடையைக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். ஊசலை ஆட்டிப் பார்க்கும் 'பென்டுலம் லேப்' எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 1 மீட்டர், புவியீர்ப்பு, உராய்வு பூஜ்யம். T = 2π√(l/g) என்ற சூத்திரப்படி அலைவு நேரம் 2.01 வினாடி. 10 பாகையிலிருந்து விட்டால் கடிகாரம் ஏறக்குறைய அதையே காட்டும். குண்டின் நிறையை இரண்டு மடங்காக்கினாலும் மாறாது. 60 பாகையிலிருந்து விடுங்கள்: 2.15 ஆகிவிடும். சிமுலேஷனில் கோளாறு என்று இங்கேதான் பலர் நினைத்துவிடுகிறார்கள். கோணமும் அதன் சைனும் ஏறத்தாழச் சமம் என்று வைத்துக்கொண்டு வந்தது அந்தச் சூத்திரம். 60 பாகை என்பது 1.047 ரேடியன், அதன் சைன் 0.866தான். நடுவுக்கு இழுக்கும் விசை சூத்திரம் நினைத்ததைவிடக் குறைவு, ஆகவே ஊசல் மெதுவாகத் திரும்புகிறது. இந்த 0.14 வினாடி வித்தியாசத்தைத் தன் கண்ணால் பார்த்தவருக்குத் 'சிறு கோணம்' என்ற நிபந்தனை மறக்கவே மறக்காது.

ஒரு சூத்திரத்தை அவசரமாகச் சரிபார்க்க ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹைப்பர்பிசிக்ஸ் தளம் போதும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேனின் விரிவுரை நூலின் மூன்று தொகுதிகளையும் கால்டெக் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. ஒரு பாடத்தைக் கணக்குகளோடு முடித்தபின் அதைப் படித்தால் பேரின்பம், முதல் வாசிப்புக்கு ஆகாது.

எங்காவது சிக்கிக்கொண்டால் பிசிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தில் கேட்கலாம். கணக்கை அப்படியே ஒட்டி விடை கேட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள். எந்த வரி வரை வந்தீர்கள், அடுத்த வரியில் எது புரியவில்லை என்பதை எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அதே கேள்வியை அங்கே தேடியும் பாருங்கள். அடிப்படைச் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே பதில் இருக்கும்.