டிரெஸ்டன் போஸ்ட்டாக்: 34 மெயில், அப்புறம் ஒரு கேள்வி

தீசிஸ் கொடுத்த மறுநாள் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி-க்குப் பிந்தைய ஆய்வு வேலை, தேட உட்கார்ந்தேன். ஒரு வருடம் முன்னாலேயே ஆரம்பி என்று லேப் சீனியர் அக்கா சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

முதல் மாதம் 34 பேராசிரியர்களுக்கு மெயில். ஒரே மெயில்தான், பெயரை மட்டும் மாற்றி. செல் கல்ச்சர், கான்ஃபோகல், ஃப்ளோ சைட்டோமெட்ரி எனத் தெரிந்த வித்தையையெல்லாம் அடுக்கியிருந்தேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். மூவரிடமும் பணம் இல்லை. ஒரு மெயிலில் பெயரை மாற்றவும் மறந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். என் பிஎச்.டி சுண்டெலித் தசையின் சாட்டிலைட் செல்கள், அதாவது தசையின் ஸ்டெம் செல்கள், பற்றியது. அங்கே அவை காயம்பட்ட தசையைச் சரிசெய்வதோடு சரி. மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டரோ (பல்லி போலிருக்கும், தவளை போல நீர்நிலவாழ் உயிரி) வெட்டுண்ட காலையே எலும்பு, நரம்போடு திரும்ப வளர்த்துக்கொள்ளும். அந்தப் புதுக் காலின் தசையும் சாட்டிலைட் செல்களிலிருந்துதான் வருகிறது என்று 2014-இல் ஒரு ஆய்வு காட்டியிருந்தது. அதன் உறவுக்காரனான நியூட் அப்படியில்லை, முதிர்ந்த தசை இழையையே பிரித்துப் புதுச் செல்லாக்குகிறது. ஒரே வகைச் செல், சுண்டெலியில் மட்டும் ஏன் பாதியில் நிற்கிறது? இதை அரைப் பக்கத்தில் எழுதி ஐந்து லேபுகளுக்கு மட்டும் அனுப்பினேன். இரண்டு அழைப்புகள் வந்தன. அதில் ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்திலிருந்து.

நேர்காணல் ஒரு முழு நாள், ஜூமில். என் பேச்சு முடிந்ததும் லேபில் இருக்கும் ஒவ்வொருவருடனும் தனித்தனியாக அரை மணி நேரம். முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே என்று எல்லோரிடமும் கேட்டேன். கட்டாயம் கேளுங்கள், பேராசிரியர் சொல்லாதது அதில் வரும்.

இடம் உண்டு, ஃபெல்லோஷிப்புக்கும் முயற்சி செய் என்றார்கள். 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். என் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்திருந்தால் போதும் என்பது அந்த ஆண்டு விதி, ஆனால் அதற்கொரு கடிதம் வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு நாலு நடை.

புரொபோசல் 10 பக்கம். அறிவியலுக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்திட்டத்துக்கு 20. நான் அறிவியலிலேயே மூழ்கிக் கிடந்து செயல்திட்டத்தைக் கடைசி ராத்திரி எழுதினேன். பிப்ரவரியில் நூற்றுக்கு 83.2 வந்தது. 85 இருந்தால் பணம் கிடைக்காவிட்டாலும் தரச்சான்றாவது தருவார்கள், அதுவும் போச்சு. சோதனை தோற்றால் மாற்று வழி என்ன என்பது தெளிவில்லை என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான்.

பேராசிரியர் தன் திட்டப் பணத்தில் ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தார். ஜெர்மனியில் ஈ-13 என்ற அரசு ஊதிய நிலை. மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள், வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவதைக் கணக்குப் போடுங்கள்.

2023 மே மாதம் வந்து சேர்ந்தேன். முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஆய்வு செய்யப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது மேரி கியூரி விதி. எனக்கு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. செப்டம்பரில் மறுபடி அனுப்பினேன். இந்த முறை முதலில் எழுதியது மாற்று வழிகளைத்தான். கடைசி ராத்திரி நன்றாகத் தூங்கினேன். 92.4.