பர்லியாரில் மூணு ராத்திரி

நான் சொன்னது ஒரு வருஷக் கணக்கு, அவ்வளவுதான். "கோக் 77லேயே நம்ம நாட்டை விட்டுப் போயிடுச்சுங்க ஐயா, 78ல நீங்க கோக் லோடு ஏத்தியிருக்க முடியாது." குரலை உயர்த்தவில்லை, கையிலிருந்த நோட்டைக்கூட மூடவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப மூணு ராத்திரி நான் எதுக்குங்க அம்மிணி காவல் படுத்திருந்தேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் அன்றைக்கே மறந்திருப்பேன். நிஜமாகவே எனக்குப் பதில் தெரியும், சொன்னால் தெரிந்துகொள்ளலாம் என்பது போலக் கேட்டார்.

குன்னூர் காட்சிக்கூடத்தில் நான் வேலை பார்த்தது மொத்தம் ஒன்பது மாதம். காட்சிக்கூடம் என்பது பெரிய வார்த்தை, ஒரு ஓட்டலை ஒட்டின இரண்டு அறை. முதலாளியின் அப்பா ஒரு காலத்தில் குளிர்பான ஏஜென்சி எடுத்து மலை முழுக்க சப்ளை செய்தவர். அவர் குடோனில் விட்டுப்போன பாட்டில், மரப்பெட்டி, தகர போர்டு, மூடி எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, கோகோ கோலாவின் கதை என்று பெயர் வைத்து டிக்கெட் போட வேண்டும் என்பது மகனுடைய ஆசை. அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு விசிட்டிங் கார்டில் 'கியூரேட்டர்' என்று அடித்துக் கொடுத்திருந்தார். வேலை என்னவோ தூசி தட்டுவது, நம்பர் போடுவது, ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒட்ட நாலு வரி எழுதுவது.

அந்த நாலு வரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 1886 மே மாதம் அட்லாண்டாவில் ஒரு மருந்துக்கடையில் கிளாஸ் ஐந்து சென்ட்டுக்கு விற்க ஆரம்பித்தார்கள், முதல் வருஷம் சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்பது கிளாஸ்தான் போனது, சரக்கைக் கண்டுபிடித்தவர் ஜான் பெம்பர்டன் என்றாலும் பெயரையும் அந்தச் சுழித்த எழுத்தையும் கொடுத்தது கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஃபிராங்க் ராபின்சன், இப்படி ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று இடத்தில் பார்த்துத்தான் எழுதினேன். சிவப்பு அங்கி கிறிஸ்துமஸ் தாத்தாவை உண்டாக்கியதே கோக்தான் என்று முதலாளி வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 1931-ல் ஹாடன் சன்ட்ப்ளோம் கோக் விளம்பரத்துக்கு வரையத் தொடங்கும் முன்பே சிவப்பு உடுப்புத் தாத்தா அமெரிக்காவில் சுற்றிக்கொண்டுதான் இருந்தார் என்று எடுத்துக் காட்டினேன். மனுஷன் முகம் சுண்டிவிட்டது. "ஏம்மா, கதை இருந்தாத்தானே ஜனம் நிக்கும்?" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான் பெரியவர் வந்தார். முதலாளியின் அப்பாவிடம் வண்டிக் கிளீனராகச் சேர்ந்து பிறகு லோடுமேனாக இருந்தவர், சொந்த ஊர் மேட்டுப்பாளையம், இப்போது வெலிங்டன் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ஓப்பனரை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரும்பு. பிடி கறுத்துப்போய், பல் வைத்துத் தூக்குகிற அந்த விளிம்பு மட்டும் வெள்ளி மாதிரி தேய்ந்து மின்னியது. "இதுல எத்தனை மூடி தொறந்திருப்பேன்னு நீங்களே பாத்துக்குங்க" என்று சிரித்தார்.

அப்புறம் பர்லியார் கதை. மழைக்காலம், மேட்டுப்பாளையத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு மேலே வருகிறார்கள். முன்னால் ஒரு வளைவில் மண் சரிந்து கிடக்கிறது, திருப்பலாம் என்று பார்த்தால் பின்னாலும் சரிந்துவிட்டது. முதலாளிக்குத் தகவல் சொல்ல டிரைவர் நடந்தே கல்லாறு இறங்கிவிட்டார். இவர் தனியாக லோடோடு மூன்று ராத்திரி. "யானை வந்துச்சுன்னா சத்தம் குடுக்கலாம்னு ரெண்டு பாட்டிலைக் கையிலயே வெச்சிருந்தனுங்க. தூங்கிடக் கூடாதுன்னு தார்ப்பாயிக்குள்ள கையை உட்டு எண்ணிட்டே இருப்பேன். பொட்டிக்கு இருபத்துநாலு. இருட்டுல ஒண்ணுந் தெரியாது, ஆனா கோக்குன்னா கைக்குத் தெரியுமுங்க அம்மிணி. நடுவுல இடுப்பு இருக்கும், கோடு கோடா வெரல்ல தட்டும்." ரோடு திறந்து வண்டி குடோனுக்கு வந்ததும் பெரிய முதலாளி தானே நின்று எண்ணினாராம். ஒரு பாட்டில்கூடக் குறையவில்லை. கதையின் உச்சம் அவருக்கு அதுதான். மண்சரிவோ யானையோ இல்லை, எண்ணிக்கை சரியாக இருந்தது.

எந்த வருஷம் என்று கேட்டேன். "பெரிய மழை பேஞ்சு மலை சரிஞ்ச வருஷம், மூத்தவளுக்கு இன்னும் தொட்டில் போடல" என்றார். 1978 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏகப்பட்ட இடங்களில் மண் சரிந்து உயிர்ச்சேதம் ஆனது இங்கே எல்லாருக்கும் தெரியும். நோட்டில் 78 என்று எழுதினேன், எழுதின கையோடு மண்டைக்குள் மணி அடித்தது, 77 என்று சொல்லிவிட்டேன்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்கு நாற்பது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. 77-ல் ஜனதா ஆட்சி வந்து ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராகி, இந்தியக் கம்பெனிக்குப் பங்கையும் செய்முறையையும் கொடுத்தால்தான் இருக்கலாம் என்றபோது, ரகசியத்தைக் கொடுப்பதைவிடப் போவதே மேல் என்று கோக் மூட்டை கட்டியது. திரும்பி வந்தது 1993-ல். இது வாட்ஸ்அப்பில் வந்த சங்கதி இல்லை. இந்தப் பதினாறு வருஷ இடைவெளிதான் எங்கள் இரண்டாவது அறையே, அங்கேதான் மற்ற கலர் எல்லாம் வரிசையாக நிற்கும். அதற்கு நடுவில் 78-ல் ஒரு கோக் லோடு பர்லியாரில் நிற்கிறது என்று எழுதினால் யாராவது விஷயம் தெரிந்தவர் பார்த்துச் சிரிக்க மாட்டாரா?

இப்போது யோசித்தால், யார் பார்த்துச் சிரித்திருப்பார்கள்? வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது "பவண்டோ வைக்கலையா?" என்றுதான். நியாயமான கேள்வி, 1916-ல் விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க்குக்கு இங்கே ஓர் அலமாரிகூட இல்லை. ஒருவர், 2017-ல் ஜல்லிக்கட்டுக்கு அப்புறம் வணிகர் சங்கங்கள் கோக்கும் பெப்சியும் விற்க மாட்டோம் என்று சொன்னதை ஞாபகப்படுத்தி, காசு கொடுத்து உள்ளே வந்துவிட்டு என்னோடு சண்டை பிடித்தார். வருஷத்தைக் கேட்டவர் யாரும் இல்லை.

என்னைக் குடைவது இன்னொன்று. முதல் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலுக்குக் கீழே என் எழுத்தில் இப்படி இருக்கிறது: 'போலிகள் பெருகியதால், இருட்டில் கையால் தொட்டாலே தெரிய வேண்டும், உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்று 1915-ல் பாட்டில் தயாரிப்பாளர்களிடம் கேட்டார்கள். இந்தியானா மாநிலத்தின் ரூட் கண்ணாடிக் கம்பெனி வென்றது.' நானே எழுதி, நானே லேமினேட் செய்து, நானே ஒட்டியது. அறுபது வருஷம் கழித்து பர்லியாரில் ஒரு மனிதன் இருட்டில் கையை விட்டு, இடுப்பு இருக்கும், கோடு தட்டும் என்று அதையேதான் சொல்கிறார். உலகத்தில் அந்த வாக்கியத்துக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது. என் கண்ணில் பட்டது 78.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பாட்டிலை வரைந்தவர்கள் கோகோ கோலா எதிலிருந்து வருகிறது என்று தேடப்போய், பானத்துக்குச் சம்பந்தமே இல்லாத கொக்கோ காயின் படத்தைப் பார்த்து அந்த வரிகளை எடுத்தார்கள். தப்பில் பிறந்த அழகு என்று நான் இதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரசித்து ரசித்துச் சொல்வேன்.

பெரியவர் போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. குடோனிலிருந்து வந்த மரப்பெட்டிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் பக்கவாட்டைப் பார்த்தேன். மேலே மஞ்சள் பெயின்ட், அது உரிந்த மூலையில் பச்சை, நகத்தால் சுரண்டினால் அடியில் சிவப்பு. சிவப்பின்மேல் வெள்ளையில் ஒரு சுழி, பாதி எழுத்து. ஆக, சரக்கு மாறினாலும் பெட்டி மாறவில்லை. அவர் பகலில் பார்த்தது பழைய கோக் பெட்டியாக இருக்கலாம், உள்ளே வேறு கலர் இருந்திருக்கலாம். கோக் போன கையோடு அரசாங்கமே 'டபுள் செவன்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது, அதன் செய்முறை உருவானதே கூடலூர் தாண்டிப் போனால் வந்துவிடுகிற மைசூரில், உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில். அதுவாக இருக்கலாமே? சரி, கை தொட்ட இடுப்பு? காலி பாட்டிலில் வேறு எதையாவது நிரப்பி அனுப்பினார்களோ? பழைய ஸ்டாக் மிச்சமிருந்ததோ? இல்லை, அது 78 மழையே இல்லையோ? இந்த மலையில் மழைக்கு மண் சரியாத வருஷம் எது? அவர் 78 என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அந்த எண்ணைப் போட்டது நான். மூத்த மகளின் பிறந்த தேதியைக் கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டு ஒரு வருஷமும் இருக்கும், அதை நம்பி யார் என்ன செய்ய.

முதலாளி கதையைக் கேட்டுவிட்டுக் குதித்தார். "பெருசா ஒரு போர்டு போடும்மா. வருஷத்தைப் போடாம விட்டுரு." நான் மாட்டேன் என்றேன். வருஷம் இல்லாமல் என்ன வரலாறு என்று கேட்டேன். கேட்டது ஞாபகம் இருக்கிறது, சொல்லும்போது இருந்த பெருமிதமும் ஞாபகம் இருக்கிறது. 'அவர் சொல்கிறார்' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் முடிந்திருக்கும். சத்தியமாக அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றி, மட்டமாகப் பட்டு, தள்ளிவிட்டேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம், அதைப் போட்டிருந்தால் நாளைக்கு நீலகிரியில் 78-லும் கோக் வந்தது என்று ஒருவர் எழுதுவார், அவரைப் பார்த்து நாலு பேர் எழுதுவார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா கதை அப்படித்தானே வளர்ந்தது. இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் 77 என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். எப்படிச் சொல்வேன் என்பதுதான் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் புதுப் பேனா. நேராக ஓப்பனர் இருந்த இடத்துக்குப் போனார். அதன் கீழே, 'பாட்டில் திறப்பான், இரும்பு, 1970கள்.' பக்கத்தில் மூடிகளைப் பற்றி ஆறு வரி: 1892-ல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கியது, அப்போது இருபத்துநாலு பல், இப்போது இருபத்தொன்று, உள்ளே தக்கை இருந்தால் பழசு. அவர் விரலை வைத்து எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்தார். பேத்தி, "உங்க பேரு எங்கே தாத்தா?" என்றது. "பொருளு நம்மளதுதான் கண்ணு" என்றார். நான் அந்தப் பக்கம் இருந்த ஒரு குடும்பத்துக்குக் கொக்கோ காய் கதையைச் சொல்லப் போய்விட்டேன்.

அந்த வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, விட்டதற்குக் காரணம் இதில்லை, சம்பளம். போன மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். முதுகு என் பக்கம். யாரோ ஒரு டிரைவர் பையனிடம் பர்லியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், தார்ப்பாய், யானை எல்லாம் அப்படியே வந்தது. "என்ன லோடுங்க?" என்று பையன் கேட்டான். ஒரு நொடி நிறுத்திவிட்டு, "ஏதோ கலர் லோடு" என்றார்.

திரும்பி என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பையனிடம், "இவங்க வரலாறு படிச்சவங்க" என்றார், குத்தலாக இல்லை. டீ வந்தது. சொல்ல நினைத்த எதுவும் வரவில்லை. கடைசியில், எத்தனை பெட்டிங்க ஐயா என்று கேட்டேன். இத்தனை பேச்சில் அதை நான் கேட்டதே இல்லை.

"நூத்திப்பத்து" என்றார், டம்ளரை வாயிலிருந்து எடுக்கும் முன்பே. "ரெண்டு பாட்டில்ல மட்டும் மூடி லேசா துரு."