குழந்தையின் கெட்ட கனவு: முதல் கேள்வி மணி என்ன?

"ராத்திரி அலறிட்டு எழுந்திருக்கான் டாக்டர்" என்று வருகிற பெற்றோரிடம் குழந்தைகள் மனநலப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பது, அப்போது மணி என்ன இருந்தது என்றுதான். பாதிக் குழப்பம் அந்தப் பதிலிலேயே தீர்ந்துவிடும்.

எட்டரைக்குத் தூங்கிய பிள்ளை பத்து, பதினோரு மணிக்குள் வீறிட்டு எழுகிறது. கண் திறந்திருந்தும் அம்மாவை அடையாளம் தெரியாமல் தள்ளிவிடுகிறது. உடம்பெல்லாம் வியர்வை. பத்து நிமிடத்தில் தானே படுத்துக்கொள்கிறது. காலையில் கேட்டால் எதுவும் நினைவில்லை. இது கனவே இல்லை. தூங்கிய 1 முதல் 3 மணி நேரத்துக்குள், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழிக்கும்போது வருகிற உறக்கப் பீதி. கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும், ஏனென்றால் கனவுகள் மிகுந்த உறக்கம் இரவின் பின்பாதியில்தான் நீள்கிறது. அப்போது குழந்தை முழுதாக விழித்துக்கொள்ளும், நம்மைத் தேடும், என்ன வந்தது என்று சொல்லும், திரும்பப் படுக்கப் பயப்படும்.

உறக்கப் பீதியில் பிள்ளையை உலுக்குவதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் அதை நீட்டிக்கத்தான் செய்யும். பிள்ளை எங்கும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால், அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே லேசாகத் தொட்டு எழுப்பி மறுபடி தூங்கவிடலாம். இரண்டு முதல் நான்கு வாரம் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறோம்.

கெட்ட கனவுக்கு இரவில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. உடனே பக்கத்தில் போய்த் தொடுங்கள். "கெட்ட கனவு வந்துருச்சு கண்ணு, அம்மா இங்கயேதான் இருக்கேன்" என்று ஒன்றிரண்டு வாக்கியம், ஒரு மடக்கு தண்ணீர், முதுகில் தட்டிக் கொடுத்தல். ஐந்து, பத்து நிமிடத்தில் அதே பாயில், அதே தலையணையில் படுக்க வைத்துவிடலாம். கெடுவது எங்கே என்றால், டியூப் லைட்டைப் போட்டு, வீட்டில் எல்லோரும் எழுந்து சுற்றி உட்கார்ந்து, "என்ன பார்த்தே, சொல்லு சொல்லு" என்று கேட்கும்போதுதான். சொல்லச் சொல்ல அந்தப் படம் இன்னும் அழுத்தமாகப் பதியும். அழுகையை நிறுத்த செல்போனைக் கொடுத்தால் தூக்கமும் போய்விடும்.

மூன்று, நான்கு வயதில் கனவுக்கும் நிஜத்துக்குமான கோடு இன்னும் தெளிவாக விழுந்திருக்காது. "அது நிஜமில்லை" என்ற விளக்கம் அந்த வயதில் ஏறாது. ஐந்து, ஆறு வயதில் ஏறும். டார்ச் அடித்துப் பீரோவுக்குப் பின்னால் பேயைத் தேடிக் காட்டுவதும், பேய் ஓட ஒரு ஸ்ப்ரே அடிப்பதும் நமக்கு உடன்பாடில்லை. சில குழந்தைகள் அதில் அமைதியாவது உண்மை. ஆனால் பெரியவர்களே தேடினால், அங்கே தேடுவதற்கு ஏதோ இருக்கிறது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். பாட்டி நெற்றியில் விபூதி பூசிப் படுக்க வைப்பதை நாங்கள் தடுப்பதில்லை. தினமும் ஒரே மாதிரி நடக்கிற, அன்பான கை படுகிற எந்தப் பழக்கமும் உறக்கத்துக்கு நல்லது. சோறு ஊட்டும்போது "சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்பதை மட்டும் வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

உண்மையான வேலை பகலில்தான் இருக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்தோ மாலை விளையாட்டுக்கு முன்போ பத்து, பதினைந்து நிமிடம், ஒரு தாள், கிரேயான். படுக்கும் நேரத்தில் இது வேண்டவே வேண்டாம். வந்த கனவுகளில் லேசானதை முதலில் எடுங்கள். குழந்தை அதை வரையட்டும். பிறகு "இதுல எதை மாத்தலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். துரத்திய நாய்க்கு ஒரு பிள்ளை செருப்பு மாட்டிவிடும், இன்னொன்று அதன் வாலில் பலூன் கட்டும். மாற்றியதைத் தனியே இன்னொரு தாளில் வரையச் சொல்லி, ஒரு வாரம் பத்து நாள் தினமும் சில நிமிடம் அந்தப் புதிய கதையை மட்டும் சொல்ல வைக்க வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடத்தில். "அப்பா வந்து நாயை அடிச்சு விரட்டிட்டார்" என்று முடிவைப் பெரியவரே எழுதிவிடுவது ஒன்று. அது அப்பாவின் கதை. கனவுக்குள் அப்பா வரப்போவதில்லை. புதியதை விட்டுவிட்டுப் பழைய பயத்தையே திரும்பத் திரும்ப வரையவிடுவது மற்றொன்று. சொல்ல விரும்பாத குழந்தையை வற்புறுத்தக் கூடாது.

வரையத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஒரு பொம்மையைப் பொறுப்பாகக் கொடுக்கலாம். 2006 லெபனான் போரின்போது இஸ்ரேலில் இடம்பெயர்ந்த சிறு குழந்தைகளிடம் உளவியலாளர் அவி சாதே குழுவினர் ஒரு நாய்க்குட்டி பொம்மையைக் கொடுத்து, இது சோகமாக இருக்கிறது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். குழந்தைகளின் பதற்றம் குறைந்ததை 2008இல் வெளியிட்டார்கள். பயந்த பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆளாக மாறுவதுதான் இதில் வேலை செய்கிறது. பழைய துணியில் தைத்த பொம்மை போதும்.

தூக்கக் குறைவு உறக்கப் பீதி, கெட்ட கனவு இரண்டையும் கூட்டும். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டிய எல்கேஜி பிள்ளை எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். அப்பா வர ஒன்பதரை ஆகும் வீட்டில் இது எளிதல்ல என்று தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடமாக நேரத்தை முன்னே நகர்த்துங்கள். ஹாலில் பேய் சீரியல் ஓட, அதன் ஓரத்தில் பாயில் கிடக்கும் பிள்ளை தூங்கிவிட்டது என்று நம்பாதீர்கள். காது கேட்டுக்கொண்டிருக்கும்.

மாத்திரைச் சீட்டையும் கொண்டுவரச் சொல்கிறோம். வீசிங், அலர்ஜிக்குத் தருகிற மான்டிலுகாஸ்ட் சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்கு, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சம்பவத்துக்குப் பிறகு அதே கனவு திரும்பத் திரும்ப வந்தாலோ, குறிப்பிட்ட ஓர் ஆளையோ இடத்தையோ கண்டு பகலிலும் பிள்ளை மிரண்டாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினாலோ வீட்டிலேயே படம் வரைந்து பார்க்க வேண்டாம், நேரே வாருங்கள். குழந்தைக்கு யாரேனும் தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். ஒரே இரவில் பலமுறை, ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் கை கால் வெட்டி இழுத்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். அதைச் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வந்தால், எந்தச் சோதனை தேவை என்பதை மருத்துவர் விரைவில் முடிவுசெய்ய முடியும்.