டிவி பாதி, திண்ணை பாதி

“டிவி பார்த்து ஜனங்க கெட்டுப்போறாங்க” என்பவர் யாரும் தன்னை அந்த ஜனங்களில் சேர்ப்பதில்லை. அதனால் கருத்துக்கணிப்பில் “ஊடகம் உங்களை மாற்றியதா?” என்று கேட்பது வீண். எல்லோரும் “இல்லை” என்பார்கள்.

1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டு குழு செய்ததே சரி. ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) அதே 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பப் பேட்டி கண்டார்கள். ஒருமுறை மட்டும் கேட்டால் யார் எப்போது மாறினார் என்பதே தெரியாது. பத்திரிகையும் ரேடியோவும் ஆளை மாற்றும் என்று தேடிப்போனார்கள். ஆனால் கட்சி மாறியவர்கள் சுமார் 8 சதவீதம்தான். பாதிப் பேருக்குப் பிரச்சாரம் பழைய முடிவையே கெட்டிப்படுத்தியது. வீட்டில் ஒரு கட்சி, நண்பர்களிடம் வேறு கட்சி என்று மாட்டிக்கொண்டவர்கள் முடிவைத் தள்ளிப்போட்டார்கள், இல்லை ஆர்வமே இழந்தார்கள். “இன்னும் முடிவு செய்யவில்லை” என்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது அதனால்தான் தப்பு.

அப்படியானால் ஊடகத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஊடக ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸும் ஷாவும் வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில், முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அந்த வரிசையும் செய்திகளில் வந்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எதைப் பேசுவது என்பதைச் செய்தி தருகிறது. பேசி எந்தப் பக்கம் சாய்வது என்பது பெரும்பாலும் பழகியவர்களிடம்தான் நடக்கிறது.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. நண்பர்கள் இருவர் ஒரே கட்சிக்குப் போட்டால் ஒருவர் மற்றவரை இழுத்தார் என்று ஆகாது. ஒத்த கருத்தால்தான் நண்பர்களே ஆகியிருக்கலாம். இதைப் பிரிக்க அரசியல் ஆய்வாளர் டேவிட் நிக்கர்சன் அமெரிக்காவின் டென்வரிலும் மினியாபொலிஸிலும் இரண்டு வாக்காளர்கள் உள்ள வீடுகளை எடுத்தார். கதவைத் திறந்தவரிடம், குலுக்கல் முறையில் சில வீடுகளில் வாக்களிக்கச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சில வீடுகளில் குப்பை மறுசுழற்சி பற்றிப் பேசினார்கள். வாக்களிக்கச் சொன்னதன் விளைவில் சுமார் 60 சதவீதம், கதவுக்கே வராத மற்றவருக்கும் போய்ச் சேர்ந்தது.

2010 அமெரிக்கத் தேர்தலில் ஃபேஸ்புக்கில் 6.1 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனையிலும் இதே கதைதான். ‘வாக்களித்தேன்’ என்று சொன்ன நண்பர்களின் முகங்களோடு வந்த, வாக்களிக்கச் சொல்லும் அறிவிப்பு சிறிதளவு கூடுதல் பேரைச் சாவடிக்கு அனுப்பியது. முகமில்லாத அறிவிப்பு, எதுவும் காட்டாததற்குச் சமம்.

ஆனால் இந்த இரண்டு சோதனைகளும் அளந்தது வாக்களிக்கப் போனார்களா என்பதைத்தான். அமெரிக்க வாக்காளர் பதிவேட்டில் யார் வாக்களித்தார் என்பது இருக்கும், யாருக்குப் போட்டார் என்பது இருக்காது. அதற்குத் திரும்பவும் ஆளைத்தான் கேட்க வேண்டும்.