ஊட்டி ரயில்ல தண்டவாளத்துக்கு பல்லு இருக்காம்

சின்னப் பசங்களோட ஊட்டி போறதா இருந்தா தயவுசெஞ்சு மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில்லயே போங்க. கார்ல ரெண்டு மணி நேரத்துல ஏறிடலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நிஜம்தான், ஆனா அதுல புள்ளைங்க ஒண்ணு தூங்கும் இல்லன்னா வாந்தி எடுக்கும். ரயில்ல 46 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 5 மணி நேரம், அவ்வளவு நேரமும் எங்க வீட்டு வாண்டுங்க ரெண்டும் வாயையே மூடல.

சென்னையில ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலைல மேட்டுப்பாளையம், அங்க இறங்கி 7.10 மலை ரயிலைப் புடிச்சிடலாம். கிளம்புறதுக்கு முன்னாடி எங்கப்பா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் நீராவி இன்ஜினைக் காட்டினாரு. அது பெட்டிகளுக்கு முன்னாடி இல்ல, பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே ஏறும். சின்னவனுக்கு நாலு வயசு, அவனுக்கு உடனே பயம் வந்துடுச்சு. "தாத்தா, இன்ஜின் பின்னாடி இருக்குல்ல, அப்ப முன்னாடி ரோட்டை யாரு பாப்பாங்க?" அதுக்குத்தான் ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் பிரேக்ஸ்மேன் நிக்கிறாரு, கையில கொடி வச்சிருப்பாருன்னு அப்பா சொன்னாரு. அவ்வளவுதான், எங்க பெட்டி பிரேக்ஸ்மேன் அன்னைக்கு அவனுக்கு ஹீரோ. அவரு பச்சைக் கொடி ஆட்டும்போதெல்லாம் இவனும் ஜன்னல்ல இருந்து கர்ச்சீப்பை ஆட்டினான், அவரும் பாவம், சலிக்காம திரும்பித் திரும்பிப் பாத்து தலையாட்டினாரு.

கல்லாறு தாண்டினதும் ஏத்தம் ஆரம்பிச்சிடும், 12 அடி போனா 1 அடி உசரும்ங்கிற அளவுக்கு செங்குத்து. சக்கரம் வழுக்காம இருக்க ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல் பல்லா இரும்பு பதிச்சிருப்பாங்க, இன்ஜின்ல இருக்குற பல்சக்கரம் அதைக் கடிச்சுக் கடிச்சுத்தான் மேல ஏறும். இதை என் வீட்டுக்காரர் ரொம்ப ஆர்வமா 1899ல குன்னூர் வரைக்கும் போட்டாங்க, 1908ல ஊட்டிக்கு நீட்டினாங்க, 2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆச்சுன்னு வரிசையா சொல்லிட்டு இருக்காரு, பெரியவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்பா, அந்தப் பல்லை யாரு விளக்கி விடுவாங்க?"ன்னா. எதிர்ல உக்காந்திருந்த பாட்டி சிரிச்ச சிரிப்புல அவங்க கையில இருந்த காபி கொட்டிடுச்சு.

குகை வந்தா பெட்டியே கத்தும், அது அந்த ரயில்ல ஒரு வழக்கம் மாதிரி. ஆனா எங்க சின்னவன் கத்தல. இருட்டானதும் "எல்லாருக்கும் குட் நைட்!"னான், வெளிச்சம் வந்ததும் "குட் மார்னிங், எழுந்திரிங்க!" ரெண்டாவது குகையில அந்தப் பாட்டி பதில் சொன்னாங்க, அப்புறம் காலேஜ் பசங்க, கொஞ்ச நேரத்துல முன்பின் தெரியாத மொத்தப் பெட்டியும் இவனுக்கு குட் நைட் சொல்லுது. வழியில 16 குகை இருக்கு, ஒண்ணைக்கூட அவன் விடல.

ஹில்குரோவ்ல இன்ஜினுக்கு தண்ணி புடிக்க நிறுத்துவாங்க. அங்க குரங்குங்க ஜாஸ்தி, அம்மா கட்டிக் குடுத்த புளியோதரைப் பொட்டலத்துல ஒண்ணு போயிடுச்சு, பெரியவளுக்கு அதுல கோவமே இல்ல, "அதுக்கு காரம் ஆகுமாம்மா?"ங்கிறதுதான் அவ கவலை. சின்னவன் இன்ஜின் கிட்டயே நின்னு பாத்துட்டு இருந்தான். தண்ணி ரொம்பினதும் அடியில புஸ்ஸுனு ஆவியும் தண்ணியும் கொட்டுச்சு. உடனே ஸ்டேஷனுக்கே கேக்குற மாதிரி, "அம்மா! இன்ஜின் ஒண்ணுக்குப் போவுது!" கூடவே அவனுக்கும் அவசரம். ரயில்ல பாத்ரூம் கிடையாது, அதனால புள்ளைங்களை இந்த மாதிரி நிக்கிற ஸ்டேஷன்லயே கூட்டிட்டுப் போயிடுங்க.

மறுநாள் பொட்டானிக்கல் கார்டன். அங்க கல்லா மாறிப்போன ஒரு மரம் இருக்கு, வயசு 2 கோடி வருஷம். பெரியவ அதைத் தொட்டுப் பாத்துட்டு ரொம்ப மரியாதையா கேட்டா, "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருக்கும்போது இது பச்சையா இருந்துச்சா?" அப்பா ரொம்ப சீரியஸா யோசிச்சு, "அப்பவே கொஞ்சம் காய ஆரம்பிச்சிடுச்சும்மா"ன்னாரு.

அந்த கார்டன் பூரா மேடு, அப்பாவுக்கு முட்டிவலி வேற. பெரியவ பின்னாடி போய் அவரு இடுப்புல ரெண்டு கையையும் வச்சுத் தள்ள ஆரம்பிச்சா, "மலை ஏறும்போது இன்ஜின் பின்னாடிதான் இருக்கணும் தாத்தா." குளிருக்கு அவ வாயில இருந்து நிஜமாவே புகை வருது. சின்னவன் முன்னாடி கர்ச்சீப்பை ஆட்டிட்டுப் போறான், போற வர்றவங்க எல்லாம் ஒதுங்கி வழிவிடுறாங்க, எங்கப்பா முகத்துல அப்படியொரு சந்தோஷத்தை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. வெளிய டீக்கடை வந்ததும், "இன்ஜினுக்கு தண்ணி புடிக்கணும், நிறுத்துங்க"ன்னு உக்காந்துட்டாரு. டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் சின்னவன் பொறுமையா நின்னு பாத்தான்.

"தாத்தா, இப்ப புஸ்ஸுனு வருமா?"